நேர்ந்துவிட்ட தண்ணீர்

ஜெயராணியைக் கருமி என்று சொல்லாதவர்கள் அந்தச் சந்தில் யாரும் இல்லை. ஜிந்துப்பிட்டியில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்பி வழிவிட வேண்டிய அகலத்தில் ஒரு சந்து. அதில் இருபத்திரண்டு வீடுகள். அத்தனை வீட்டுக்கும் சேர்த்து மூன்று பைப். இருபத்திரண்டு வீட்டிலும் அவளைப் பற்றி ஒரே பேச்சுத்தான். "கட்டிலுக்கடியில கடை வச்சிருக்கா" என்பார்கள். "ஊரே பட்டினி கிடந்தாலும் ஜெயராணி மட்டும் உக்காந்து சாப்பிடுவா" என்பார்கள். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். ஒவ்வொரு சொல்லையும் போட்டுக்கொண்டாள், வயிறெரிந்தாள், பல்லைக் கடித்தாள். சேர்த்து வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

சிரிக்கிறவர்களுக்கு என்ன வந்தது? ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே ஒன்பது நாள் பேப்பர் விரித்துப் படுத்தது அவர்களா? இரண்டு வருடத்துக்கு முந்திய பெருமழையில் களனி கங்கை பெருகி வந்தது. சந்துக்குள் வெள்ளம் வரவில்லை, பைப்புக்குள் வந்தது. பால் விடாத சாயத்தண்ணி நிறத்தில் அரை நாள் ஒழுகிவிட்டு அதுவும் நின்றது. கடைகள் பூட்டிக் கிடந்தன, வீட்டில் கேஸ் இல்லை. அந்தத் தண்ணீரை முந்தானையில் வடித்து மகள் துஷாந்தினிக்குக் கொடுத்தவள் ஜெயராணியேதான். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. மறுநாள் வயிற்றால் போகத் தொடங்கி, மூன்றாம் நாள் கண் செருகிவிட்டது. ஒன்பதாம் நாள் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "பிள்ளையிட கிட்னி ஒருக்கா அடிவாங்கிட்டுது. இன்னொருக்கா இப்பிடி ஒண்டு வந்தால் தாங்காது. கொதிச்சாறின தண்ணியைத் தவிர வேற ஒண்டும் வாயில வைக்கக் கூடாது." அன்றைக்கு வந்த பயம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கோபமாக மாறிவிட்டது. இனி என் வீட்டில் தண்ணீர் இல்லை, சோறு இல்லை என்ற பேச்சு வரக் கூடாது என்று அவள் பஸ்ஸிலேயே முடிவு செய்தாள்.

எப்படிச் சேர்ப்பது என்று அவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள், பதின்மூன்று வயதில் வெள்ளவத்தையில் ஒரு டீச்சர் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி, யுத்தத்தில் மூன்று தரம் வீடு விட்டு ஓடியவர். அதனால் அவர் வீட்டில் ஓர் அறை முழுக்க அரிசியும் மாவும் பருப்பும் டின் மீனும் இருந்தன. டீச்சர் அவளுக்குச் சொன்னதெல்லாம் அலுமாரித் தட்டுகளில் தூசு துடை என்பதுதான். துடைக்கிறவளுக்குத் தெரியாதா, புதிதாக வந்தது பின்னால் போகிறது, பழையது முன்னால் வந்து அடுப்புக்குப் போகிறது என்று? அதே டீச்சர் இப்போது எழுபத்தெட்டு வயதில் மூன்றாம் மாடி ஃபிளாட் ஒன்றில் தனியாக இருக்கிறார். ஜெயராணி காலையில் போய் அவருக்குச் சமைத்துவிட்டு, அதே கட்டிடத்தில் இன்னும் இரண்டு வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறாள். புருஷன் புஷ்பராஜ் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறான்.

டீச்சருக்கு ஓர் அறை இருந்தது, கனடாவில் மகன் இருந்தான். ஜெயராணிக்கு இருந்தது கட்டிலுக்கடி. ஃபிளாட்டுகளில் குடித்துவிட்டு எறியும் ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். எட்டு சேர்ந்தன. சவர்க்காரம் போட்டு அலசி, கொதித்து ஆறிய தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி, வெயில் படாத மூலையில் அடுக்கினாள். பிள்ளையின் பள்ளிக்கூடத் தவணை தொடங்கும்போதெல்லாம் பழைய தண்ணீரை உடுப்புத் தோய்க்க எடுத்துவிட்டுப் புதிது நிரப்பினாள். அரிசிக்கு ஒரு பெரிய சதுர பிஸ்கட் தகரம். வண்டு வராமல் உள்ளே நாலு செத்தல் மிளகாய். கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல்களில் பருப்பும் சீனியும் உப்பும். அடுப்பே இல்லாவிட்டாலும் பிசைந்து கொடுக்கச் சத்துமா. வயிற்றால் போனால் கரைத்துக் கொடுக்க, ஆஸ்பத்திரியில் பழக்கமான ஜீவனி பக்கெட்டுகள், மெழுகுதிரி, தீப்பெட்டி. கிழமைக்கு ஒரே ஒரு சாமான்தான் கூடுதலாக வாங்குவாள், அதுவும் சின்னப் பக்கெட்.

அரிசிதான் மெல்ல மெல்ல ஏறியது. அதை அவள் தனியாக வாங்கவே இல்லை. உலைக்கு அளந்து எடுத்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தகரத்தில் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் கழுவுவாள். ஒரு பிடி குறைந்தால் குடியா முழுகிவிடும்? ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவள் தட்டில்தான் அது குறைந்தது.

ஆனால் வீட்டில் ஒரு பொருள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், அது இருக்காது. பக்கத்து வீட்டில் புஷ்பராஜின் அக்கா மயிலம்மா இருந்தாள். "ஒரு சுண்டு அரிசி தா, நாளைக்குத் தர்றேன்" என்று வருவாள். அந்த நாளை வந்ததே கிடையாது. புஷ்பராஜ் அதற்கு மேல். கட்டிலுக்கடியில் அரிசி இருக்கிற தைரியத்தில் கையில் கிடைத்ததைச் சிநேகிதர்களோடு செலவழித்துவிட்டு, "அதான் இருக்குல்ல, ஆக்கு" என்பான். முதல் தடவை அரைத் தகரம் சேர்ந்தபோது நாலு பேரைக் கூட்டிவந்து சோறாக்கிப் போடச் சொன்னான். அவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டு, "தங்கச்சி கை ராசியான கை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெயராணி அடித்தட்டுத் தெரிந்த தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ராசியான கையால் யாராவது ஒருத்தன் கன்னத்தில் அறைந்தால் தேவலை போலிருந்தது.

இவர்களிடமிருந்து தகரத்தைக் காப்பாற்ற வழிகாட்டியவளே மயிலம்மாதான். ஒரு நாள் வாசலில் நின்றவள், ஜெயராணி பிடி அரிசியைத் தகரத்தில் போடுவதைக் கண்டுவிட்டாள். அவர்கள் பிறந்த லயங்களில் அப்படிப் பிடி எடுத்து வைத்தால் அது ஒன்றுக்குத்தான். திருவிழாவுக்குக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்ட.

"யாருக்கு நேந்து எடுத்து வைக்கிறே?" என்று கேட்டாள் மயிலம்மா.

ஜெயராணி தகரத்தை மூடினாள். பிறகு, "அம்மனுக்கு அண்ணி" என்றாள்.

மயிலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கேட்க வந்த சுண்டு அரிசியைக் கேட்காமலே போய்விட்டாள். ஜெயராணி அதைப் பார்த்தாள். மறுநாளே தகரத்தின் கழுத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, அதில் ஒரு காசை முடிந்தாள். தண்ணீர்ப் போத்தல்களின் கழுத்திலும் மஞ்சள் நூல், மூடியில் குங்குமம். பருப்புப் போத்தல், சத்துமா, ஒன்று விடவில்லை. புஷ்பராஜ் கேட்டதற்கு, "புள்ள பொழச்சதுக்கு நேத்தி. நேரம் வர்றப்ப குடுக்கணும். அது வரைக்கும் வீட்டாளுங்க தொடப்படாது" என்றாள். பிள்ளைக்கும் அதையே சொன்னாள். சின்னப் பிள்ளையிடம் இரகசியம் நிற்குமா?

அதற்குப் பிறகு அந்தக் கட்டிலுக்கடி ஒரு சன்னிதி ஆகிவிட்டது. மூட்டை மூட்டையாகத் தூக்குகிறவன் அந்தத் தகரத்தைக் கடக்கும்போது காலை மடக்கிக்கொண்டு போனான். ஜெயராணிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பெற்ற பிள்ளையின் உயிருக்கு என்று சொன்னபோது மதிக்காத ஆட்கள், சாமிக்கு என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். பழைய அரிசியை எடுத்து ஆக்கிவிட்டுப் புதியதைப் போடுவதை வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்தாள். சொந்த வீட்டில் சொந்த அரிசியைத் திருடி எடுக்கும் நிலைமை அவளுக்கு. அது கிடக்கட்டும், தகரம் நிறைந்தது.

இந்த வருடம் மழை தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாமல் ஐந்து நாள். வியாழக்கிழமை காலை வேலைக்குப் போனவளை டீச்சர் விடவில்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை, கரண்ட் இல்லை, தனியாக இருக்கப் பயம் என்றார். ஒரு இரவு தங்கினாள். வெள்ளிக்கிழமை மதியம் மழை கொஞ்சம் விட்டது. போனில் சார்ஜ் செத்திருந்தது. பஸ் ஏறினால் அது கொள்ளுப்பிட்டி வரைக்கும்தான் போனது. மரம் விழுந்து கிடக்கிறது, இறங்குங்கள் என்றான் கொண்டக்டர். இறங்குகிறவர்களிடம் அவனே சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தான்: "கங்கை இன்னும் ஏறுதாம். அந்தப் பக்கமெல்லாம் பைப் தண்ணி நிப்பாட்டிட்டாங்களாம். மூணு நாளைக்காவது வராதாம்."

பஸ்ஸில் இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஜெயராணிக்கு நெஞ்சு பதறவில்லை. அவள் அங்கிருந்து நடந்தாள். காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை, செட்டியார் தெரு என்று முழங்கால் நனைய நனைய நடந்தாள். சனங்கள் வெறும் வாளிகளோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். பூட்டிய கடைகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டில் நாற்பது லீற்றர் தண்ணீர் இருக்கிறது, தகரம் முட்ட அரிசி இருக்கிறது, மூன்று நாள் என்ன, பத்து நாளும் தன் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று அவள் நினைத்தாள். சிரித்தவர்கள் இப்போது வரட்டும் என்றும் நினைத்தாள். வந்தால் ஆளுக்கு ஒரு போத்தல் கொடுக்கலாமா என்று கூட யோசித்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்குள் வந்ததும் ஈரச் செருப்போடு குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். சீமெந்துத் தரையில் தகரம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

புஷ்பராஜ் வேட்டி கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பிள்ளை வெளியே விளையாடப் போயிருந்தாள். அப்படி ஒரு பிரகாசத்தை அவன் முகத்தில் அவள் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

"குடுத்தாச்சு ராணி" என்றான். "நேத்தி முடிஞ்சிருச்சு."

சந்து முனையில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. ஆற்றங்கரையில் வீடு போனவர்கள் பள்ளிக்கூடத்தில் வந்து இருக்கிறார்கள் என்று அங்கே வியாழக்கிழமையே பெரிய கிடாரம் ஏற்றியிருக்கிறார்கள். கோயில் செயலாளர் தில்லைநாதன் ஐயா வீடு வீடாக வந்து அரிசி பருப்புக் கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒரு கிலோ, அரைக் கிலோ என்று கொடுத்தபோது, புஷ்பராஜ் மஞ்சள் துணி கட்டிய தகரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். பின்னால் மயிலம்மா பருப்புப் போத்தல்களோடு. தண்ணீரைக் கொண்டுபோக நாலு நடை நடந்தானாம். கோயிலில் முதல் குங்குமம் அவனுக்குத்தான். யாரோ போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். 'புஷ்பராஜ் குடும்பத்தாரின் அன்பளிப்பு' என்று அதன் கீழே எழுதியிருந்தது. அவன் போனை அவளிடம் நீட்டினான்.

பன்னிரண்டு வருடம் புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவனை யாரும் முன்னால் கூப்பிட்டு நிற்க வைத்ததில்லை என்பது அவளுக்கும் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் பாவம் என்று நினைத்திருப்பாள். அன்றைக்கு அந்தப் போனை வாங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"தண்ணி எங்க?" என்றாள்.

"அதான் சொல்றேனே, அம்மனுக்கு."

"புள்ளைக்குக் குடிக்க என்ன இருக்கு?"

"பைப்ல வரும். இல்லாட்டி அக்கா ஒரு வாளி பிடிச்சு வச்சிருக்கு."

மயிலம்மாவின் வாளியை ஜெயராணி வரும்போதே பார்த்திருந்தாள். தண்ணீர் நிற்கும் முன் கடைசியாகப் பிடித்த அரை வாளி. அதே சாயத்தண்ணி நிறம். கொதிக்க வைத்தாலும் அதைப் பிள்ளையின் வாயில் வைக்க அவளுக்குத் துணிவில்லை.

"அது அம்மனுக்கு இல்ல" என்றாள். "ஒரு நாளும் அம்மனுக்கு இல்ல. துஷாவுக்கு. அவளுக்குத்தான் ஒரு ஒரு பிடியா எடுத்து வச்சேன். உங்களுக்கும் உங்க அக்காவுக்கும் பயந்துதான் மஞ்சத்துணி கட்டினேன்."

புஷ்பராஜ் எழுந்து நின்றுவிட்டான். "சாமி பேரைச் சொல்லி ரெண்டு வருஷமா ஏமாத்தினியா?"

"ஏமாத்தினேன். உங்களத்தான் ஏமாத்தினேன், அம்மன ஏமாத்தல. அவளுக்குத் தெரியும் அது யாருக்குன்னு. கேட்டிருந்தா பாதிய நானே தூக்கிக் குடுத்திருப்பேன். கேட்டீங்களா? இந்த வீட்டுல அரிசி எப்பிடி வருது, தண்ணி எப்பிடி வருதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா? நான் பாதி வயித்தோட படுத்தேன், பேரு புஷ்பராஜ் குடும்பத்தாருக்கு!"

சத்தம் கேட்டு வந்த மயிலம்மா வாசலிலேயே வாயில் கை வைத்தாள். "அடிப் பாவி, அம்மன் பேர்ல பொய் சொன்னியா? அதுக்குத்தான்டி புள்ளைக்கு உடம்பு இப்பிடி இருக்கு."

பிள்ளைக்கு நோய் வந்த பிறகுதான் பொய்யே சொன்னாள் என்று விளக்கிக்கொண்டிருக்க ஜெயராணிக்குப் பொறுமை இல்லை. மயிலம்மாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மூன்று பைப்பையும் திறந்து பார்த்தாள். ஒன்று மட்டும் காற்றைத் துப்பியது. தெருமுனை ஸஹாப்தீன் நானா கடை பாதி திறந்திருந்தது. தட்டுகள் காலி.

"தண்ணி போத்தல் ஒன்டும் இல்ல தங்கச்சி" என்றார் நானா. "காலையில சனம் வந்து எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு போன. எங்கட வீட்டுக்கே ரெண்டு போத்தல்தான் ஈக்கி. ஒன்ட நீங்க கொண்டு போங்க."

வேண்டாம் நானா என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள். நாற்பது லீற்றர் வைத்திருந்தவள் கையேந்துவதா? அந்த ஒன்றரை லீற்றரை வாங்கியிருக்கலாம். ஆனால் அவள் அப்போது இருந்த நிலையில் தன்னுடையது மட்டும்தான் வேண்டும் என்று நின்றாள்.

கோயிலில் கிடாரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அவளுடைய தகரம் வெறுமையாக மடைப்பள்ளி வாசலில் கிடந்தது. அரிசி பள்ளிக்கூடத்துக்குப் போய் மதியமே முடிந்துவிட்டதாம். அந்தச் சனங்கள் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. பசித்தவர்கள் சாப்பிட்டார்கள், அதில் என்ன குற்றம்? போத்தல்களைத் தேடினாள். ஐந்து போத்தல் மூடி கழன்று வாய்க்கால் ஓரம் கிடந்தன. மூன்று, குங்குமம் கலையாமல், அம்மன் சன்னிதிப் படியில் வரிசையாக இருந்தன.

"ஐயா, இந்த அஞ்சு போத்தல் தண்ணி எங்க போச்சு?" என்று தில்லைநாதனிடம் கேட்டாள். "சமையலுக்கா?"

"சமையலுக்கு நேந்த தண்ணியை எடுப்பமே பிள்ளை?" என்றார் அவர். அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் கோபப்பட்டுப் பேசாதவர். "பைப் தண்ணி ஊத்தை. அம்மாளுக்கு அதை வார்க்க ஏலுமே? உங்கட தண்ணியிலதான் காலமை அபிஷேகம். அபிஷேகம் முடிஞ்ச கையோட மழை விட்டுது, பாத்தியள்தானே? மிச்சம் மூண்டும் பின்னேரப் பூசைக்கு."

ஜெயராணி வாய்க்காலைப் பார்த்தாள். கொதிக்க வைத்து, ஆற வைத்து, கழுத்து வரை நிரப்பிய இருபத்தைந்து லீற்றர். மழையை நிறுத்தச் சொல்லி அம்மன் தலையில் இன்னும் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். அது கல்லில் வழிந்து, வாய்க்காலில் ஓடி, தெரு வெள்ளத்தோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் நேரே படியேறி முதல் போத்தலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கினாள். மற்ற இரண்டையும் இரண்டு கையில் பிடித்தாள்.

"பிள்ளை, என்ன செய்யிறியள்?" தில்லைநாதன் குறுக்கே வந்தார். "குடுத்தது குடுத்ததுதான். அம்மாளின்ர சாமானைத் திருப்பி எடுக்கிறது நல்லதில்லை."

கோயிலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் சந்துக்காரர்கள், எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஜெயராணி அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அம்மன் சாமான் இல்ல ஐயா. நான் நேரல. பொய் சொன்னேன். இது என் புள்ளைக்குக் குடிக்க வச்ச தண்ணி. வேற தண்ணி குடிச்சா அவ செத்துப்போவான்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உங்க அம்மனுக்குத் தாகம்னா ஆத்துல நிறையத் தண்ணி போகுது. என் புள்ளைக்கு இது மட்டுந்தான் இருக்கு. என்னை மறிக்கிறவங்க இப்பவே மறிச்சிருங்க."

ஒருவரும் மறிக்கவில்லை. ஒருத்தி மட்டும் "சிவ சிவா" என்றாள். தில்லைநாதன் விலகி நின்றார். அவள் சன்னிதியைத் திரும்பிப் பார்க்காமல் பதினைந்து லீற்றரையும் சுமந்துகொண்டு சந்துக்குள் வந்தாள். விரல்கள் அறுந்துவிடும் போல் வலித்தன. இதைக் கருமித்தனம் என்று சொல்ல வாருங்கள் என்று ஒவ்வொரு வாசலையும் முறைத்துக்கொண்டே நடந்தாள். வாசல்களில் நின்றவர்கள் உள்ளே போனார்கள்.

புஷ்பராஜ் வீட்டில் இல்லை. துஷாந்தினி திரும்பி வந்து கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் உதடு காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ஜெயராணி மூடியைத் திருகித் திறந்து, டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினாள்.

"குடி."

பிள்ளை வாங்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"குடி துஷா. அம்மா கொண்டாந்தேன்ல."

"அது சாமி தண்ணி" என்றாள் பிள்ளை. "அத்தை இப்பத்தான் கோயில்லருந்து ஓடி வந்து சொன்னாங்க. அம்மன்கிட்டருந்து பறிச்சிட்டு வந்ததக் குடிச்சா கண்ணு போயிருமாம். எனக்கு அத்தை வீட்டுத் தண்ணி தாங்கம்மா. அந்த வாளித் தண்ணி."

ஜெயராணியின் கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை அப்படியே நின்றது. யாரை அடிப்பது? தொடாதே, அது சாமியுடையது என்று இரண்டு வருடமாக இந்தப் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி நம்பவைத்தது மயிலம்மாவா? புஷ்பராஜா? வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கோபத்துக்கு ஆள் இருந்தது. இப்போது ஆள் இல்லை. அவள் கையை இறக்கிக்கொண்டு பிள்ளையின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா பொய் சொன்னேன்டா. இது சாமி தண்ணி இல்ல. உனக்குத்தான். முதல்லருந்தே உனக்குத்தான்."

பிள்ளை அவளை உற்றுப் பார்த்தாள். அம்மா முன்பு சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று அந்த முகத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது.

ஜெயராணி டம்ளரைத் தன் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். "பாரு. எனக்கு ஒண்ணும் ஆகல."

"உடனே ஆகாதாம்மா" என்றாள் துஷாந்தினி. தாகத்தில் அவள் குரல் கரகரத்தது. "நாளைக்கும் உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சா நான் குடிக்கிறேன். இன்னைக்கு மட்டும் அத்தை வீட்டுத் தண்ணி தாங்க."

பக்கத்து வீட்டில் மயிலம்மா வாளியில் அரிசி அளக்கும் சுண்டைப் போட்டு மொள்ளும் சத்தம் கேட்டது. ஜெயராணி எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, டம்ளரிலிருந்து இன்னொரு மடக்குக் குடித்தாள். பிறகு இன்னொன்று. துஷாந்தினி காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, இமைக்காமல், அம்மாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.